விதானையாருக்குச் சேதி போன வழி: பழைய கமக்காரக் கிராமத்தில் நடந்த திடீர் மரணத்தைக் கொழும்பிலிருந்து தேடும் முறை

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல வீடுகளில் இப்படி ஒரு வசனம் தலைமுறை தாண்டி வந்திருக்கும்: "பூட்டனார் வயல் காவலுக்குப் போனவர், விடியப் பார்த்தால் முனியடிச்சுக் கிடந்தார்." அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. எந்த ஆண்டு, எந்த வயல், யார் கண்டது, பொலிஸ் வந்ததா என்று கேட்டால் ஆளுக்கொரு கதை வரும்.

1867 முதல் 1948 வரையான காலத்தில் வன்னி, மன்னார், யாழ்ப்பாணம் பக்கத்துக் கமக்காரக் கிராமங்களில் நடந்த ஒரு மரணத்தைத் தேடுவதற்கானது இந்த வழிகாட்டி. 1867இல்தான் பிறப்பு, இறப்புப் பதிவு சட்டப்படி தொடங்கியது. அதற்கு முந்திய மரணங்களுக்குத் தேவாலயப் பதிவும் ஒல்லாந்தர் தோம்புகள் என்ற காணி, குடும்பப் பதிவேடுகளுமே கதி. அது வேறு வேலை. இந்தத் தேடலின் பெரும்பகுதியைக் கொழும்பை விட்டு நகராமலே முடிக்கலாம்.

கையில் வரும் ஒவ்வொரு தாளிடமும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எழுதியவர் உடலைப் பார்த்தாரா? பார்க்கவில்லையென்றால் அவருக்குச் சொன்னது யார்? இறந்து எத்தனை மணி கழித்து எழுதப்பட்டது? மரணச் சான்றிதழில் "காய்ச்சல்" என்று இருப்பதைக் கண்டதும் கோப்பை மூடிவிடுபவர்கள் இந்த மூன்றையும் கேட்காதவர்கள்.

வீட்டுக் கதையை இரண்டாகப் பிரித்தெழுதுதல்

ஒரு கொப்பியில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் கண்டது, வலப்பக்கம் அதற்குச் சொன்ன காரணம். "வாயாலும் மூக்காலும் இரத்தம் வந்திருந்தது" இடப்பக்கம். "முனியடிச்சது" வலப்பக்கம். "இரவு வயிற்றுக்குத்து என்றவர், விடியக் கண் திறக்கவில்லை" இடப்பக்கம். "செய்வினை" வலப்பக்கம். வலப்பக்கத்தை எறிந்துவிட வேண்டாம். யாரோடு பகை இருந்தது என்பது பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பழைய சொற்களை அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். அம்மாள் வருத்தம் என்றால் பெரியம்மை. வாந்திபேதி, கழிச்சல் என்றால் பெரும்பாலும் கொலரா. காலையில் உழுத ஆள் இரவுக்குள் போய்விடக்கூடிய நோய் அது, ஆகவே கதையில் அது "திடீர் மரணம்" ஆகிவிடும். முறைக்காய்ச்சல் என்றால் மலேரியா. சன்னி என்பது ஒரு நோயே அல்ல, கடும் காய்ச்சலில் வரும் பிதற்றலும் வலிப்பும். விஷக்கடி என்ற சொல்லைப் பாம்புக்கும் சொல்வார்கள், இன்னதென்று தெரியாத எந்தப் பூச்சிக்கும் சொல்வார்கள்.

காலத்துக்கு ஒவ்வாத சொல் வந்தால் உடனே குறித்துக்கொள்ளுங்கள். 1920இல் இறந்தவர் "மருந்து குடிச்சவர்" என்று பேத்தி சொன்னால் சந்தேகப்பட வேண்டும். பூச்சிமருந்துப் போத்தல் நம் வயல்களுக்கு வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. மஞ்சள் அலரி விதையும் அப்படித்தான். அதைத் தின்று உயிரை மாய்க்கும் வழக்கம் வடக்கில் பரவியது 1980களில். பின்னால் கேட்ட கதைகள் முன்னால் நடந்ததன் மேல் ஏறி உட்கார்ந்துவிடும்.

திகதியைப் பிடித்தல்

திகதி இல்லாமல் எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டாம். சைவக் குடும்பங்களில் ஆங்கிலத் திகதி மறந்துபோயிருக்கும், திதி மறந்திருக்காது. திவசம் திதியில்தானே நடக்கிறது. அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சிட்ட, கல்வெட்டு எனப்படும் நினைவு நூல் ஒரு பிரதியாவது யாரோ ஒரு மாமியின் பெட்டியில் இருக்கும். அதிலுள்ள திதி வெண்பாவில் ஆண்டின் பெயர், மாதம், பக்கம் (வளர்பிறையா தேய்பிறையா என்பது), திதி நான்கும் இருக்கும். இந்தத் தேடலில் இதைவிடப் பெறுமதியான ஒரு தாள் குடும்பத்துக்குள் கிடைப்பது அரிது.

மாற்றும் முறை இது. "விகாரி ஆண்டு மாசி மாத அமாவாசை" என்று இருக்கிறதென்று வையுங்கள். அறுபது ஆண்டுச் சுற்றில் விகாரி 1899–1900, 1959–60, 2019–20 ஆகியவற்றில் வரும். இறந்தவரின் பிள்ளைகளின் வயதை வைத்து எந்தச் சுற்று என்று தீர்மானியுங்கள். முதற்சுற்று என்றால் மாசி என்பது 1900 பெப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை. ஆண்டு சித்திரையில் மாறுவதால் தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். மிக அதிகமாகத் தவறும் இடம் இதுதான். அந்த மாசியில் அமாவாசை மார்ச் 1ஐ ஒட்டி வருகிறது. நள்ளிரவுக்குப் பின் இறந்திருந்தால் வீட்டார் முந்திய நாளைச் சொல்வார்கள், பதிவாளர் அடுத்த நாளை எழுதுவார். எனவே இரு பக்கமும் இரண்டு நாள் விட்டுத் தேடுங்கள்.

கல்வெட்டு இல்லையென்றால் பயிரைக் கேளுங்கள். "சூடு மிதிக்கிற காலம்" என்றால் காலபோக அறுவடை, ஜனவரி முதல் மார்ச் வரை. "விதைப்புக்கு முதல் மழை" என்றால் செப்டெம்பர், ஒக்டோபர். "கிணறு இறைச்சுச் சேறு எடுத்த நேரம்" என்றால் ஆடி, ஆவணிக் கோடை.

ஊரை அந்தக் கால வரைபடத்தில் வைத்தல்

இன்றைய மாவட்ட எல்லையை நம்பினால் தவறான பதிவேட்டில் மாதக்கணக்கில் அலைவீர்கள். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். முல்லைத்தீவு இன்றைய வடிவில் மாவட்டமானது 1970களின் கடைசியில். 1905இல் வன்னிக் கிராமம் ஒன்று முள்ளியவளை, கருநாவல்பற்று, மேல்பற்று, பனங்காமம் என்ற பற்றின், அதாவது அந்தக் கால நிர்வாகப் பிரிவின், பெயரால்தான் பதிவாகியிருக்கும். பற்றின் பெயர் தெரியாவிட்டால் குளத்தின் பெயரைப் பிடியுங்கள். வன்னியில் ஊரின் முகவரி குளம்தான்.

நாரஹேன்பிட்டியில் உள்ள நில அளவைத் திணைக்களத்தில் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற பழைய வரைபடத் தாள்களைக் கேளுங்கள். அதில் நான்கு இடங்களைக் குறியுங்கள்: உடல் கிடந்த இடம், கிராமத் தலைமைக்காரரான விதானையார் இருந்த ஊர், விசாரணை செய்தவர் இருந்த ஊர், அருகிலிருந்த அரசாங்க ஆஸ்பத்திரி. இடையிலுள்ள தூரங்களை மைலில் எழுதுங்கள். மணற்பாதையில் மாட்டுவண்டி மணிக்கு இரண்டு மைல் ஓடினால் அதிகம். பன்னிரண்டு மைல் என்றால் ஆறு மணி நேரம், அதுவும் மாரியில் ஆறு பெருகாமல் இருந்தால். இந்தக் கணக்கு பின்னால் வேண்டிவரும்.

மரணப் பதிவு

பதிவாளர் ஒவ்வொரு மரணத்தையும் இரு பிரதிகளாக எழுதினார். ஒன்று மாவட்டத்தில் தங்கியது, மற்றது தலைமைக்குப் போனது. மாவட்டப் பிரதி போரில் எரிந்திருந்தாலோ கறையான் தின்றிருந்தாலோ மாளிகாவத்தையிலுள்ள மத்திய ஆவண அறைப் பிரதி மிஞ்சியிருக்கலாம். பிரதேச செயலகத்தில் "இல்லை" என்ற பதில் வந்தவுடன் கைவிடாதீர்கள், மாளிகாவத்தைக்கும் விண்ணப்பம் போடுங்கள்.

பதிவு இலக்கமும் திகதியும் தெரியாதபோது ஒரு விண்ணப்பத்துக்கு இரண்டு ஆண்டு வரையான காலத்துக்குள்தான் தேடித் தருவார்கள். அதனால்தான் திகதியை முதலில் சுருக்கச் சொன்னோம். பெயரை ஒரு விதமாக மட்டும் எழுத வேண்டாம். சின்னத்தம்பி என்பவர் பதிவேட்டில் "கந்தன் சின்னத்தம்பி", "சின்னர்", வெறும் "தம்பி" என்று எப்படியும் இருக்கலாம். தகப்பன் பெயரையும் ஊரையும் சேர்த்தெழுதுங்கள். சான்றிதழைத் தட்டச்சுப் பிரதியாகத் தந்தால் மூலப் பக்கத்தின் நிழற்படப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். பிரதி எடுத்தவர் வாசிக்க முடியாத சொல்லை ஊகித்து எழுதியிருப்பார்.

கிடைத்ததும் "மரணத்துக்குக் காரணம்" என்ற நிரலை முதலில் வாசிக்காதீர்கள். அறிவித்தவரின் பெயர், வதிவிடம், எந்தத் தகுதியில் அறிவித்தார் என்ற நிரலுக்குப் போங்கள். மகன், மைத்துனர், "மரணத்தின்போது உடனிருந்தவர்" என்றால் விசாரணை நடக்காதிருக்கவே வாய்ப்பு அதிகம். அங்கே கொறனர் அல்லது மரண விசாரணை அதிகாரியின் பெயர் இருந்தால், அந்த மரணத்துக்கு ஒரு விசாரணைக் கோவை பிறந்திருக்கிறது என்பது உறுதி. பிறகு இறந்த திகதிக்கும் பதிந்த திகதிக்கும் இடைவெளியைப் பாருங்கள். கையொப்பத்துக்குப் பதில் புள்ளடி இருந்தால் காரணம் எழுதியது பதிவாளரின் சொல், அறிவித்தவரின் சொல் அல்ல.

இன்னொரு சின்ன வித்தை. பதிவேட்டுக்குள் கைவிட்டுப் புரட்ட விடமாட்டார்கள், ஆனால் பதிவு இலக்கங்கள் தொடர் இலக்கங்கள். அதே பிரிவில் அதே காலத்தில் இறந்த இன்னொரு உறவினரின் சான்றிதழையும் எடுங்கள். ஒன்று 412, நொவெம்பர் 3. மற்றது 455, நொவெம்பர் 20 என்றால் பதினேழு நாளில் நாற்பத்து மூன்று மரணம். சிறிய பிரிவொன்றில் அது கொள்ளைநோய். 1918–19 இன்புளுவென்சா, ஏறத்தாழ எண்பதாயிரம் பேரைக் கொண்டுபோன 1934–35 மலேரியா ஆகியவற்றின் காலத்தில் வரும் "காய்ச்சல்" என்ற பதிவை ஓரளவு நம்பலாம். அமைதியான ஓர் ஆண்டில், திடகாத்திரமான ஆளுக்கு, ஒரே இரவில் "காய்ச்சல்" என்றால் தோண்ட வேண்டும்.

ஏன் அப்படிப் பொய்யாக எழுதினார்கள்? விசாரணை என்றால் உடல் கிடக்க வேண்டும், சில வேளை வண்டியேற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அறுக்க வேண்டும். எந்த வீட்டார் விரும்புவார்கள்? தற்கொலை முயற்சி 1998 வரை இந்த நாட்டில் தண்டனைக்குரிய குற்றம். தற்கொலை என்ற சொல்லே குடும்பத்துக்குப் பயமும் வெட்கமும். விதானையாரும் ஊர்க்காரர்தான். "காய்ச்சல்" என்றால் எல்லாருக்கும் வேலை சுலபம்.

விசாரணை நடந்த விதமும் கோவையின் கதியும்

1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவையும், இன்று நடைமுறையிலுள்ள 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டமும் இந்த விடயத்தில் ஒரே மரபு. இன்றைய சட்டத்தின் 370ஆம் பிரிவை வாசியுங்கள்: தற்கொலை, விலங்கால், இயந்திரத்தால், விபத்தால் வந்த சாவு, திடீர்ச் சாவு, காரணம் தெரியாத சாவு. சேதி கிடைத்ததும் விசாரணையாளர் உடல் கிடக்கும் இடத்துக்கே போய், காயங்களைக் குறித்து, சாட்சிகளைக் கேட்டு, நீதவானுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும்.

கிராமத்தில் இது ஒரு சங்கிலியாக நடந்தது. கண்டவர் விதானையாருக்குச் சொல்வார். விதானையார் தனக்கு மேலுள்ள தலைமைக்காரரான உடையாருக்கோ மணியகாரருக்கோ ஆள் அனுப்புவார், மன்னாரில் அதிகாரம் எனப்பட்ட தலைமைக்காரருக்கு. விசாரணை செய்யும் தகுதி பெற்றவர் பெரும்பாலும் அந்தத் தலைமைக்காரருள் ஒருவர், வைத்தியம் படித்தவர் அல்லர். இந்தச் சங்கிலியில் உங்கள் ஆளின் பெயர்களை இட்டு நிரப்புங்கள். விசாரணையாளர் இறந்தவரின் எதிராளிக்கு மைத்துனர் என்று தெரியவந்தால் அது முக்கியமான கண்டுபிடிப்பு.

கோவை இருந்த இடம் பொலிஸ் நீதிமன்றம். பழைய நீதிமன்றத் தாள்கள் காலக்கெடு முடிந்து அழிக்கப்பட்டவையே அதிகம், வடக்கில் மிஞ்சியதைப் போரும் தின்றது. நேரே கோவையைத் தேடுவது வீண் என்றே சொல்லலாம். அதன் நிழல் விழுந்த இடங்களைத் தேடுங்கள்.

முதலிடம் கொழும்பு 7இல் பிலிப் குணவர்தன மாவத்தையிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களம். வாசகர் அனுமதியும் அடையாள அட்டையும் வேண்டும், பென்சில் கொண்டுபோங்கள். ஆவணங்கள் "லொட்" எனப்படும் தொகுதி இலக்கப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன. லொட் 1 ஒல்லாந்தர் காலம், அதை விடுங்கள். உங்கள் கச்சேரியின் (மாவட்ட அரசாங்க அலுவலகத்தின்) தொகுதிப் பட்டியலைக் கேட்டு அதில் அரசாங்க அதிபர், உதவி அரசாங்க அதிபர் நாட்குறிப்புகளைப் பாருங்கள். நாட்குறிப்பு எழுதும் கடமை 1808இல் ஆளுநர் மெயிற்லண்ட் காலத்திலேயே வந்தது. சுற்றுப்பயணத்தில் குளம், வாய்க்கால், காய்ச்சல், யானைத் தொல்லை, கொலை எல்லாவற்றையும் அவர்கள் நாளாந்தம் குறித்தார்கள். இறந்த நாளில் மட்டும் தேடாதீர்கள். செய்தி கச்சேரிக்குப் போக நாளாகும், துரை அந்த ஊருக்கு வர மாதமாகும். இறந்த நாளிலிருந்து ஆறு மாதம் வரை புரட்டுங்கள். பெயர் இருக்காது, "இன்ன குளத்துக் கமக்காரன் ஒருவன்" என்றுதான் இருக்கும். ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலும் துரைக்குத் துரை வேறுபடும். முன்கூட்டியே நாலைந்து வடிவம் எழுதிக்கொண்டு போங்கள்.

அங்கேயே, அல்லது கொழும்பு நூதனசாலை நூலகத்தில், 1867 முதல் அச்சான வருடாந்த நிர்வாக அறிக்கைகளைப் பாருங்கள். தனி மரணம் அதில் கிடைப்பது அபூர்வம், அந்த ஆண்டு கொலராவா வறட்சியா என்பது கிடைக்கும்.

வர்த்தமானியை மறப்பவர்கள் அதிகம். வயல், தோட்டம், மாடு என்று சொத்து விட்டுச் சென்றவருக்கு மாவட்ட நீதிமன்றத்தில் டெஸ்டமெண்டரி வழக்கு, அதாவது இறந்தவரின் சொத்தைப் பற்றிய வழக்கு, நடந்திருக்கும். அதன் அறிவித்தல் வர்த்தமானியில் இறந்தவரின் பெயர், ஊர், மனுதாரர், எதிர்மனுதாரர் பெயர்களோடு வரும். இறந்து இரண்டு மூன்று ஆண்டு வரை பாருங்கள். காணி உறுதிகளும் அப்படித்தான்: மரணத்துக்கு முன்பின் இரண்டாண்டுகளில் எழுதப்பட்ட உறுதிகளை வரிசையாக வைத்தால் யாருக்கு எந்த வயல் போனது என்று தெரியும். வாய்க்கால் தண்ணீருக்கும் எல்லை வரம்புக்கும் நடந்த சண்டை அங்கே வாலைக் காட்டும்.

கொலை வழக்கானது என்று கேள்விப்பட்டால் சட்ட அறிக்கைத் தொகுதிகளில் உடனே தேடாதீர்கள். குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1938ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது. அதற்கு முந்திய கொலை வழக்குகள் அந்தத் தொகுதிகளில் இடம்பிடித்தது குறைவு. பத்திரிகையே நல்ல வழி: 1841 முதல் உதயதாரகை, 1889 முதல் இந்து சாதனம், 1930 முதல் வீரகேசரியும் ஈழகேசரியும். ஒரு பகுதி நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் இலவசமாக உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்துபோன இதழ்களுக்குக் கொழும்புப் பிரதிகளே இப்போது ஆதாரம். "ஊர்ப் புதினம்" போன்ற சிறு பத்திகளை வாசியுங்கள், தலைப்புச் செய்தி உங்கள் பூட்டனுக்கு ஒதுக்கப்பட்டிருக்காது.

காரணத்தை நெருங்குதல்

இனி இடப்பக்கக் குறிப்புகளை எடுங்கள். முதலில் தூரக் கணக்கு. நம் வெக்கையில் ஒரு நாளுக்குள் அடிவயிறு பச்சை நிறமாகும், இரண்டாம் நாளில் உடல் ஊதும், உள்ளே பெருகும் வாயு சிவந்த நீரை வாயாலும் மூக்காலும் தள்ளும். ஒரு நாளுக்கு மேல் கழித்து வந்த தலைமைக்காரர் பார்ப்பது அதைத்தான். "இரத்தம் கக்கிச் செத்தார்" என்ற வசனத்தைச் சொன்னவர் உடலை எப்போது கண்டார் என்று கேளுங்கள். உடனே கண்டவர் சொன்னால் அது தடயம். மறுநாள் செத்தவீட்டுக்கு வந்தவர் சொன்னால் அது வெறும் அழுகல்.

பாம்பு என்றால் எந்தப் பாம்பு? தரையில் பாய் விரித்துப் படுத்தவர், இரவில், கடித்த வலியோ வீக்கமோ இல்லாமல், வயிற்றுக்குத்து என்று எழும்பி, இமை தொங்கி, விடியுமுன் மூச்சு நின்றுபோனால் அது கட்டுவிரியனின் கைவரிசை. காயம் கண்ணுக்கே தெரியாது. முனியடித்த கதைகளில் கணிசமானவற்றுக்கு இந்த விளக்கம் பொருந்தும். அறுவடை வயலில், காலில், கடும் வீக்கத்தோடு, பல் முரசில் இரத்தம் கசிந்து, சிறுநீர் நின்று, சில நாளில் இறந்தால் கண்ணாடி விரியன். நாகம் வீக்கத்தையும் தரும், மூச்சையும் நிறுத்தும்.

இடி என்றால் மாதத்தைப் பாருங்கள். மார்ச் முதல் மே வரையும் ஒக்டோபர், நொவெம்பரிலும் பின்னேர இடி வழக்கம். ஆவணியில் இடி விழுந்து இறந்தார் என்றால் இன்னொரு சாட்சி தேடுங்கள். கிணற்றுச் சாவில் ஒரே நாளில் இருவர் இறந்தார்களா என்று பாருங்கள். சேறு எடுக்க இறங்கியவர் அடியில் தேங்கிய நச்சுக் காற்றில் மயங்க, தூக்க இறங்கியவரும் போவது பழைய கதை. ஒருவர் மட்டும் இரவில் கிணற்றில் என்றால் கேள்வி வேறு.

வாந்தியும் கழிச்சலும் ஒரு வீட்டுக்குள் மட்டும், ஒரே சாப்பாட்டுக்குப் பின் வந்திருந்தால் கொலராவை விட்டுக் கார்த்திகைக் கிழங்கை நினையுங்கள். வற்றாளைக் கிழங்கென்று மாறி அவித்தாலும் அது கொல்லும், வேண்டுமென்றே கொடுத்தாலும் கொல்லும். துவக்குச் சாவில் காயம் காலிலா தொடையிலா என்பது பெரிய வேறுபாடு. பன்றிக்கு வைத்த கட்டுத்துவக்கு தாழ்வாகச் சுடும். நெஞ்சிலோ முதுகிலோ காயமென்றால் அதைக் கட்டுத்துவக்கு என்று எழுதியவர் யார் என்று மறுபடி சங்கிலிக்குத் திரும்புங்கள்.

எதுவும் பொருந்தாமல், ஐம்பது தாண்டியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரம்பில் சரிந்தார் என்று மட்டும் இருந்தால், அது மாரடைப்பாகவே இருக்கலாம். கதைக்குச் சுவை குறைவுதான்.

கோப்பை எழுதும்போது

ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில் ஆவணம், கண்டவர் வாய்மொழி, கேட்டவர் வாய்மொழி, நம் ஊகம் என்ற நான்கில் ஒன்றை எழுதுங்கள். கிடைக்காத இடங்களையும் திகதியோடு குறியுங்கள். "மாளிகாவத்தையில் 1899, 1900 தேடப்பட்டது, இல்லை" என்ற ஒரு வரி அடுத்து வருபவருக்கு ஒரு மாத அலைச்சலை மிச்சப்படுத்தும். யாரையாவது கொலைகாரர் என்று காட்டும் ஊகம் இருந்தால் அதைத் தனித்தாளில் வைத்து, ஊருக்குப் போகும் பிரதியிலிருந்து எடுத்துவிடுங்கள். அவருடைய பேரப்பிள்ளைகள் அதே வாய்க்காலில்தான் இன்னும் தண்ணீர் கட்டுகிறார்கள்.